கண்ணாடிப் பொம்மைகளா நம் பெண்மக்கள்?



போடிநாயக்கனூரில் ஏலக்காய் எவ்வாறு விலைபோகிறது என்பதை நாம் அறிவோம். மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் காய், பருமனும் பச்சையும் பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டு, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்திற்கு வருகிறது. காய்க்கு இம்முறை நியாயமே. அதே கண்களோடு நாம் பெண் பார்க்கவும் போகிறோமே, அது நியாயமா? இக்கேள்வியை நம்முள் எழுப்பியது ஒரு நாடகம்.

அமெரிக்க நாடகாசிரியர் டென்னஸி வில்லியம்ஸின் 'தி கிளாஸ் மெனாஜரி' 1944இல் சிகாகோ நகரில் முதன்முதலாக அரங்கேறியது. இலங்கையில் 1978இல் தோன்றிய தமிழ் அவைக்காற்று கலைக் கழகம், க. பாலேந்திராவின் நெறியாள்கையில் இதனைக் 'கண்ணாடி வார்ப்புகள்' என்ற பெயரில் தமிழில் மேடையேற்றியது. நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத ஆர்வலர்களின் குழு அது. போடிமெட்டுக்கு அப்பால், மலையாளத்தில் 2004இல் இதே கதை 'அகலே' என்னும் திரைப்படமாயிற்று. எங்கோ ஓர் அமெரிக்க நகரத்துக் குடும்பத்தின் துயரம் நம் மொழியினரை ஏன் ஈர்த்தது? அந்த வீடு நம் வீட்டைப் போல் இருப்பதனால்தான்.

கணவன் விட்டுப் போன தாய் அமண்டா. அவனுடைய சிரித்த படம் மட்டும் சுவரில் தொங்குகிறது. மகன் டாம் காலணிக் கிடங்கில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறான். மகள் லோராவுக்குக் காலில் குறை, கூச்சமும் மிகுதி. தட்டச்சுப் பயிற்சிக்குச் சென்றவள் அஞ்சி நின்றுவிட, கண்ணாடிப் பொம்மைகளே அவளுக்குத் துணையாகின்றன. இனி ஒரு மாப்பிள்ளைதான் வழி என்று தாய் முடிவு செய்கிறாள். டாம் தன்னுடன் பணிபுரியும் ஒருவனை விருந்துக்கு அழைத்து வருகிறான். வந்தவன் அன்பாகப் பேசுகிறான். ஆயினும் அவனுக்கு வேறொரு பெண் ஏற்கெனவே நிச்சயமாகியிருக்கிறாள். இறுதியில் மகனும் வீட்டைத் துறக்கிறான்.

அமண்டாவைக் கொடியவள் என்று நாம் சொல்லமாட்டோம். தொலைபேசியில் பத்திரிகைச் சந்தா திரட்டிப் பிள்ளைகளுக்காகப் பாடுபட்டவள் அவள். ஆயினும் மகளின் குறையை வாய்விட்டுச் சொல்லவே அவள் அனுமதிக்கவில்லை. அதனால் குறை மறைந்துவிடவில்லை, மகள்தான் மறைக்கப்பட்டாள். லோராவுக்குப் பின்னால் ஓர் உண்மைத் துயரும் உண்டு. ஆசிரியரின் தமக்கை ரோஸுக்கு 1943இல் மூளையில் அறுவை செய்யப்பட்டது. தம் வாழ்வின் பெரும்பகுதியை அவர் காப்பகங்களிலேயே கழித்தார்.

நம் நிலை என்ன? தந்தை வளைகுடாவிலோ மலைத்தோட்டத்திலோ இருக்க, வீட்டில் தாயும் மக்களும் காத்திருக்கிறார்கள். தமக்கையின் நிகாஹ் செலவிலேயே தம்பியின் இளமை கரைகிறது. மணமகன் மஹர் கொடுக்க வேண்டும் என்பது ஸூரா அந்நிஸாவின் கட்டளை. அதைத் தலைகீழாக்கிக் கைக்கூலி வாங்குகிறோம்; பெண்ணுக்கு உடற்குறை இருந்தால் அதற்கும் சேர்த்து ஈடு கேட்கிறோம். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பொருட்டு ஸூரா அபஸ அருளப்பட்டதை ஓதுகிறோம். நபி (ஸல்) அவர்கள் அந்தத் தோழருக்குப் பாங்கு சொல்லும் பொறுப்பை அளித்ததையும் அறிவோம். அறிந்தும் நம் பிள்ளையை உள்ளறையில் வைத்துப் பூட்டுகிறோம்.

நாடகம் வீண் கேளிக்கை என்று சிலர் கருதலாம். வீண் கேளிக்கையை நாமும் ஆதரிக்கவில்லை. நம் தவற்றை நமக்கே காட்டுவதை வீண் என்று தள்ளிவிட முடியுமா என்பதே நம் வினா.

ஜமாஅத்துகள் மூன்று செய்யலாம். கைக்கூலி வாங்கும் திருமணத்திற்கு நிகாஹ் பதிவேட்டைத் திறக்க மறுக்கலாம். உடற்குறையுள்ள பெண்மக்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கிடைக்க பைத்துல்மாலிலிருந்து உதவலாம். அவர்கள் முதல்நாள் அஞ்சித் திரும்பினால், மறுநாள் உடன் செல்ல ஒரு சகோதரியை ஏற்பாடு செய்யலாம். லோராவுக்குக் கிடைக்காமற்போனது அந்த மறுநாள் துணைதான்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வரன் வரும்போது உண்மையை முதலிலேயே சொல்லுங்கள். வராவிட்டாலும் உங்கள் மகள் முழுமையான மனுஷிதான், அல்லாஹ்வின் அமானிதம்தான்.

நம் பெண்மக்களைத் தரம் பிரிக்காத உள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.