கடலுக்கு மருந்தா, நமக்குச் சாக்கா?

வயிற்றெரிச்சல் கண்டவர் ஒரு மிடறு மில்க் ஆஃப் மக்னீசியா அருந்துகிறார், எரிச்சல் தணிகிறது. தணிந்ததே என்று அவர் மீண்டும் அதே உணவை இருமடங்காக உண்பாரானால் அம்மருந்து அவரைக் காக்குமோ? இன்று கடலுக்குச் செய்யத் துணியும் மருத்துவம் நம்மை இவ்வாறு வினவச் செய்கிறது.

நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் உமிழும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அதனால் கடல்மேற்பரப்பின் பி.எச். அளவு, தொழிற்புரட்சிக்கு முன்னிருந்த 8.2இலிருந்து இன்று 8.1 அளவுக்குத் தாழ்ந்துள்ளது. சிறிதெனத் தோன்றினும் இது அமிலத்தன்மையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு உயர்வாகும். எனவே சுண்ணாம்பு, ஆலிவின் பாறைத்தூள், மக்னீசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரப்பொருள்களைக் கடலிற் கலந்தால் அமிலம் தணியும். கடல் இன்னும் மிகுதியாக வாயுவை ஏற்கும் என்கின்றனர் அறிஞர் சிலர்.

வேதியியலில் பிழையில்லை. ஆயின் கடலில் உயிர்கள் வாழ்கின்றன. உலகின் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதியை நிகழ்த்துபவை கண்ணுக்குப் புலப்படாத மிதவைத் தாவரங்கள். இறால் முதல் திமிங்கலம் வரை அனைத்துக்கும் அவையே அடிப்படை உணவு. காரத்தைத் திடீரெனக் கொட்டினால், அவை உண்ண வேண்டிய கரியமில வாயு நீரில் குறைகிறது. காற்றிலிருந்து அது மீண்டும் நிறையப் பல மாதங்கள் ஆகலாம். ஆலிவினிலுள்ள சிலிக்கா, கண்ணாடி ஓடு கட்டும் டயட்டங்களுக்கு ஊட்டமாகும். அதிலுள்ள நிக்கலோ நஞ்சாகலாம். சுண்ணாம்பு, சுண்ண ஓடு கட்டும் நுண்ணுயிர்களை வளர்க்கக்கூடும். அவை ஓடு கட்டும்போதே காரத்தைச் செலவிட்டுக் கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. மருந்தே தன் வேலையைக் கெடுத்துக்கொள்ளும் நிலை இது!

நாம் அஞ்சுவோர் பக்கம் மட்டும் பேசலாகாது. 2021இல் கனேரியத் தீவுகளில் ஒன்பது பெருங்கலன்களில் காரத்தைப் படிப்படியாகக் கூட்டிச் சோதித்தபோது, மிதவை உயிர்க் கூட்டம் பெரிதும் நிலைகுலையவில்லை. நற்செய்திதான். எனினும் அங்கே வாயுச் சமநிலை முன்கூட்டியே செய்து தரப்பட்டது. சோதனையும் ஏறத்தாழ ஒரு மாதமே நடந்தது. அத்துணைப் பேணலிலும், மிகுதியான காரம் சேர்த்த கலனில் சுண்ணம் படிந்தது. அலைமோதும் திறந்த கடலில், ஆண்டுக்கணக்கில் கொட்டினால் யாது நிகழும்?

ஆய்வை நாம் எதிர்க்கவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் மேய்ன் வளைகுடாவில், அரசின் அனுமதி பெற்று, 65,000 லிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடை விட்டு அறிஞர்கள் அளந்தனர். அது அறிவைத் தேடும் முறை. நாம் கண்டிப்பது அறியுமுன் விற்பதை! இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் விரிகுடாவில் 2022இல், கழிவுநீர்க் குழாய் வழியே, அதே மில்க் ஆஃப் மக்னீசியாவின் மருந்துப்பொருள் சிறிதளவு விடப்பட்டது. மேலும் விடும் திட்டத்தை எதிர்த்து 2023இல் கரைவாழ் மக்கள் திரண்டனர். 'எங்கள் கடலைப் பற்றி எங்களைக் கேட்டீர்களா?' என்பது அறியாமையின் குரலா? இதற்கிடையே, கடலிற் கரைத்த காரத்துக்கு ஈடாகக் 'கார்பன் வரவு' விற்பனைக்கு வந்துவிட்டது. வாங்கியவர் தம் புகைபோக்கியை மூட வேண்டியதில்லை.

கடல் அமிலமாவதையும், அதனால் கடலின் உணவுச் சங்கிலி சிதைவதையும் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' மடலில் சுட்டினார். பாவசங்கீர்த்தனத்துக்குப் பிரதிக்கினை இன்றியமையாதது என்று சிறுவயதிலேயே நாம் பயின்றோம். 'இனிச் செய்யேன்' என்னாமல் பரிகாரத்தை மட்டும் விலைக்கு வாங்குவோருக்கு மன்னிப்பு ஏது? ஆண்டுதோறும் 3,700 கோடி டன் அளவில் கரியமில வாயுவை உமிழ்ந்துகொண்டே கடலில் சுண்ணாம்பு கரைப்பதும் அத்தகையதே.

முதலில் அடுப்பைத் தணிப்போம். பின்னர் மருந்தைப் பற்றிப் பேசுவோம். அப்போதும் கரைவாழ் மக்களைக் கேட்டு, மிதவை உயிர்களின் நலனை அளந்து, அளவறிந்து.