தொழுவத்துக்குப் போகும் வயர்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மோட்டார் இல்லாத கிணறு இன்று அபூர்வம். மோட்டார் கொட்டகையிலிருந்தோ வீட்டிலிருந்தோ தொழுவத்துக்கும் காவல் குடிசைக்கும் ஒரு வயர் போகாத தோட்டமும் அபூர்வமே. மோட்டார் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம். குழாய்க்கு விலை பேசுகிறோம். இந்த வயரை மட்டும் கையில் அகப்பட்டதைக் கொண்டு இழுத்து விடுகிறோம். வேப்பமரத்தில் ஒரு சுற்று, பனையில் ஓர் ஆணி, தொழுவத்துக் கூரையில் ஒரு முடிச்சு. ரெண்டு பல்புதானே என்கிற எண்ணம்.

பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் கால் ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு நெஞ்சு வழியாகப் பாய்ந்தாலே மனிதனின் இதயம் நின்று போகலாம். ஆளைக் கொல்ல மோட்டார் ஓடும் அளவுக்கு மின்சாரம் தேவையில்லை. அந்த ரெண்டு பல்பு வயர் தாராளமாகப் போதும்.

இதை நான் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் என் தொழுவத்தில் கறவைப் பசு ஒன்று விழுந்து செத்தது. மின்னல் என்று முதலில் நினைத்தோம். தொழுவத்தின் இரும்புக் குழாய்த் தூணில் டியூப்லைட் வயரைக் கட்டியிருந்தேன். காற்றில் ஆடி ஆடித் தோல் தேய்ந்து, கம்பி தூணைத் தொட்டிருக்கிறது. பசு தூணில் உரசி நின்ற இடத்தில் சாணியும் மூத்திரமும் மழைத்தண்ணீரும். அரை மணி நேரம் முன்னால்தான் நான் அதே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலில் ரப்பர் செருப்பு இருந்தது. என் மகன் வெறுங்காலுடன் பால் கறக்க வருகிறவன். அன்று அவன் வெளியூர் போயிருந்தான்.

மறுநாள் வயர்மேன் வந்தார். "தம்பி, பீஸ் போகவே இல்லையே, அப்புறம் எப்படித் தூணில் கரண்டு வந்தது?" என்று கேட்டேன். "பீஸ் வயரைக் காப்பாத்தத்தான் அண்ணாச்சி. மாட்டையும் மனுசனையும் காப்பாத்த இல்லை" என்றார். இந்த ஒரு விஷயம் எனக்கு அன்றுவரை தெரியாது. விவசாயிகள் பலருக்கும் தெரியாது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கணக்கு எளிது. தொழுவத்துத் தூணில் 230 வோல்ட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். தூண் மண்ணில் நிற்கிறது. பக்கத்தில் ஒரு எர்த்துக் கம்பியும் அடித்திருக்கிறோம். அந்த மண்ணின் தடை 20 ஓம் என்றால் மண்ணுக்குள் ஓடும் மின்சாரம் பதினொன்றரை ஆம்பியர். வீட்டில் இருப்பதோ 15 ஆம்பியர் பீஸ். அது அசையாது. நம்மில் பலர் பீஸ் அடிக்கடி போகிறது என்று வயரை உரித்து நாலு இழையாக முறுக்கிப் போட்டிருப்போம். அது முப்பது ஆம்பியருக்கும் அசையாது. பீஸ் போகாமல் தூண் மணிக்கணக்கில் உயிரோடு நிற்கும், யாராவது வந்து தொடும் வரையில்.

இதில் நம் கரிசல் மண்ணுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மழைக்காலத்தில் ஈரம் பிடித்து எர்த்துக்கு அருமையான மண். சித்திரை, வைகாசியில் பாளம் பாளமாக வெடித்து, கம்பியை விட்டு மண் விலகிவிடும். ஐப்பசியில் 10 ஓம் காட்டிய எர்த்து கோடையில் பல மடங்கு ஏறிவிடும். கம்பி அடித்தாயிற்று, எர்த்து இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருப்போம். கம்பி வெடிப்புக்குள் தொங்கிக்கொண்டிருக்கும்.

மாடு மனிதனைவிடச் சீக்கிரம் சாவதற்கும் காரணம் இருக்கிறது. மண்ணில் மின்சாரம் கசியும்போது அடிக்கு அடி வோல்ட் மாறும். மனிதனின் இரண்டு கால்களும் அருகருகே இருக்கின்றன. மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஐந்தடி தூரம். நடுவில் இருப்பது இதயம். குளம்பும் நனைந்தே இருக்கும். தொழுவம் போன்ற இடங்களில் 25 வோல்ட்டுக்கு மேல் தொடும்படி நிற்கக்கூடாது என்று பிற நாடுகளில் விதி வைத்திருப்பது இதனால்தான். கறவையில் மாடு காரணமில்லாமல் உதைத்தாலோ, தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கத் தயங்கினாலோ கண்ணேறு என்று சுற்றிப் போடுவதற்கு முன் வயரைப் பாருங்கள்.

இன்னொரு வழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வயரை மட்டும் இழுத்து வந்து, மறுமுனைக்குத் தொழுவத்தில் ஒரு கடப்பாரையை மண்ணில் அடித்து அதையே நியூட்ரலாக்கி பல்பு எரிப்பது. பாதி வயர்ச் செலவு மிச்சம் என்பார்கள். பல்பு எரியும், உண்மைதான். ஆனால் அந்தக் கடப்பாரையும் அதைச் சுற்றியுள்ள மண்ணும் மின்சாரம் போகும் பாதையாகிவிடுகின்றன. மண் காய்ந்திருக்கும் நாளில் கடப்பாரையிலேயே முழு வோல்ட் நிற்கும். இதைக் காட்டிலும் மலிவான, இதைக் காட்டிலும் கொடிய வேலை தோட்டத்தில் வேறு இல்லை. உங்கள் தோட்டத்தில் இருந்தால் இன்றைக்கே, மெயினை இறக்கிவிட்டு, பிடுங்கிப் போடுங்கள்.

இதற்கெல்லாம் மருந்தாக ஒரு சிறு கருவி இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்பார்கள், கசிவு பிரேக்கர் என்று கேட்டாலும் மின்சாமான் கடையில் கொடுப்பார்கள். பேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். போனது பத்து, திரும்பியது ஒன்பது என்றால் அந்த ஒன்று எங்கோ தூண் வழியாகவோ ஆள் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று பொருள். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றுக்கு மூன்று பங்கு வித்தியாசம் வந்தாலே, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மேலே சொன்ன கணக்கில் பீஸுக்குப் பதினொன்றரை ஆம்பியர் போதவில்லை. இதற்கு அதில் முந்நூற்றில் ஒரு பங்கு போதும். கரிசல் வெடித்து எர்த்து ஆயிரம் ஓம் ஆகிப்போனாலும் இது வேலை செய்யும். நமக்கு மற்ற ஊர்க்காரர்களைவிட இது அதிகம் தேவை என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

தொழுவத்துக்குப் போகும் வயர் புறப்படுகிற இடத்தில், அதாவது வீட்டுப் பலகையிலேயே, இதை வைக்க வேண்டும். தொழுவத்தில் வைத்தால் நடுவழி வயருக்குக் காவல் இல்லை. இதைத் தாண்டி வரும் நியூட்ரலை வேறு நியூட்ரலோடும் எர்த்தோடும் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் ஓயாமல் விழுந்துகொண்டே இருக்கும். விழுகிறது என்று கோபப்பட்டு அதைக் கழற்றி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேட வேண்டும். முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரப் பிடித்தவனை இது காப்பாற்றாது என்பதையும் மறக்க வேண்டாம்.

வயரைப் பற்றி. மண்ணுக்குள் கொண்டுபோவது நல்லது. ஆர்மர்டு கேபிளாக, வயல் நடுவே போகாமல் பொழியை ஒட்டி, இரண்டரை அடி ஆழத்தில், கீழும் மேலும் மணல் போட்டு, செங்கல் பரப்பி மூட வேண்டும். உளிக்கலப்பை ஒன்றரை அடி வரை போகும் என்பதை நினைவில் வையுங்கள். கரிசல் வெடிக்கும்போது கேபிளையும் சேர்த்து இழுக்கும். ஆகவே விறைப்பாக இழுக்காமல் பாம்பு போல நெளிய விடுங்கள். மண்ணுக்குள் ஒட்டுப் போடவே கூடாது. அடுத்த தலைமுறைக்குத் தெரியும்படி பொழியில் நாலு கல் ஊன்றி வையுங்கள்.

மேலே கொண்டுபோவதென்றால் மரத்தில் கட்டாமல் கம்பம் நட்டு, ஜி.ஐ. கம்பி இழுத்து அதில் வயரைத் தொங்கவிட வேண்டும். வைக்கோல் வண்டி வரும் பாதையில் 19 அடி, மற்ற இடங்களில் 15 அடி உயரம் வேண்டும். வைக்கோல் படப்புக்கு மேலே வயர் போகவே கூடாது.

கனமும் முக்கியம். 200 அடி தூரத்தில் தீவனம் நறுக்கும் இயந்திரம் ஒன்று, 2 குதிரைத்திறன், ஒரு பேஸில் ஓடுவது, சுமார் பத்து ஆம்பியர் எடுக்கும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் வழியிலேயே இருபது வோல்ட்டுக்கு மேல் போய்விடும். மோட்டார் முனகி முனகிக் கருகும். இரண்டரை சதுர மில்லிமீட்டர் என்றால் ஒன்பது வோல்ட்தான் இறங்கும். மூன்றாவது கம்பியாக எர்த்தும் கூடவே வர வேண்டும். தூண், கூரைத் தகடு, இயந்திரத்தின் உடம்பு எல்லாம் அதில் சேர வேண்டும். எர்த்துக் குழியை மாடு நிற்கிற இடத்திலிருந்து தள்ளி, பாத்திரம் கழுவும் தண்ணீர் விழும் இடமாகப் பார்த்து வையுங்கள். சித்திரையிலும் ஈரம் இருக்கும்.

எங்கிருந்து இழுப்பது என்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பம்புசெட் இணைப்பு தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. கொட்டகைக்கு விளக்குப் போட ஓர் அளவு வரை அனுமதி உண்டு. அங்கிருந்து குடியிருப்புக்கும் மற்றவற்றுக்கும் இழுத்தால் அபராதம் வரும். தொழுவத்துக்கு வீட்டு இணைப்பே சரி. அதே கொட்டகையிலிருந்து பன்றிக்கு என்று வேலியில் நேரடியாகக் கரண்டு விடுகிறவர்களுக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன; நிலத்துக்காரர் சிறைக்குப் போனார். செத்தது மனிதனாக இருந்த ஊர்களும் நிறைய.

1944ல் பாபநாசம் மின்நிலையம் ஓடத் தொடங்கிய பிறகே நம் பக்கத்துக் கிணறுகளில் கமலை மெல்ல நின்றது. யூனிட்டுக்குப் பைசா பைசாவாக ஏறிய கட்டணத்தை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் போராடினார்கள், உயிர்ப்பலியும் கொடுத்தார்கள். 1984ல் சிறு விவசாயிகளுக்கும் 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணமில்லா மின்சாரம் வந்தது. இதில் எனக்குப் பெருமைதான். ஆனால் மின்சாரத்தின் விலையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், அது தோட்டத்துக்குள் வந்த பிறகு எந்த வழியாகப் போகிறது என்று ஒரு கூட்டத்திலும் பேசவில்லை.

அரசிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. புது மோட்டார் வாங்க வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் கொடுத்திருக்கிறது. செல்போனில் மோட்டாரை ஓட்டும் கருவிக்கும் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம். அந்த மானியத்தோடு கசிவு பிரேக்கர் ஒன்றையும் எர்த்துக் குழியையும் சேர்த்துக் கட்டாயமாக்கினால் என்ன? இரண்டொரு ஆயிரம் ரூபாய்ச் சமாச்சாரம். கறவை மாட்டுக்குக் கடன் கொடுக்கும் கூட்டுறவுச் சங்கமும், மாட்டுக்கு இன்சூரன்ஸ் கேட்பதுபோல, தொழுவத்து வயரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுக்கலாம். விவசாய சங்கங்கள் அடுத்த குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்க வேண்டும்.

மீட்டருக்கு இந்தப் பக்கம் உள்ள வயருக்கு நாமே பொறுப்பு. உரிமம் உள்ள வயர்மேனைக் கொண்டு செய்யுங்கள். மீட்டருக்கு அந்தப் பக்கம் கம்பி அறுந்தாலோ தாழத் தொங்கினாலோ கிட்டே போகாமல், மாட்டையும் விடாமல், 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்குச் சொல்லுங்கள். தொழுவத்தில் மாடு துடித்தால் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடிக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சு. அந்தச் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்று மாலையே காட்டி வையுங்கள்.