கருவியைக் காப்பதும் மருத்துவமே

உள்நோக்கிப் பரிசோதனைக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்தார் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்று உண்டு. "முன்னால் சென்றவர் வெளியே வந்து அரை மணி நேரம் ஆயிற்று, அறையும் காலியாகவே இருக்கிறது, எங்களை ஏன் இன்னும் அழைக்கவில்லை?" என்பதே அது. முதல் நாள் இரவு முதல் வெறும் வயிற்றுடன் இருப்பவரை அழைத்து வந்தவர்கள் இப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கான விடை பரிசோதனை அறையில் இல்லை. அதற்கு அடுத்துள்ள கழுவும் அறையில் இருக்கிறது. அந்தக் காத்திருப்பும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதும், அதைக் குறைக்கும்படி எவரும் கேட்கலாகாது, கேட்டாலும் மருத்துவமனை இணங்கலாகாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

எண்டோஸ்கோப் என்று நாம் வழங்கும் உள்நோக்கி, சுண்டு விரலினும் சற்று மெலிந்த, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள வளையும் குழாய். அதன் நுனியில் ஒளியும் கண்ணும் உண்டு. உட்புறத்தில் காற்றும் நீரும் செல்லும் நுண்வழிகளும், சிறு இடுக்கி நுழையும் வழியும் உண்டு. இரைப்பையைக் காணும் கருவியில் அவ்வழியின் விட்டம் பெரும்பாலும் 2.8 மில்லிமீட்டர் மட்டுமே. 1868-இல் ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரைக் கொண்டு வளையாத குழாயால் இரைப்பையைப் பார்க்க முயன்றார். சாதாரண மனிதர் அத்தகைய குழாயை விழுங்குவது கடினம். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹரால்ட் ஹாப்கின்ஸும், கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்பதை 1954-இல் வெளியிட்டனர். அதன் பின்னர் 1957-இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், வளையும் இரைப்பை நோக்கியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். இன்று நம்மவர் சில நிமிடங்களில் முடித்துக்கொள்ளும் பரிசோதனைக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

ஆரணி மக்களுக்கு இக்கருவியின் மென்மையை விளக்குவது எளிது. அதனுள் ஓடும் கண்ணாடி இழை ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பட்டு இழையின் பருமனே உடையது. தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் உடனே நிறுத்தி, அதை முடிந்து, மீண்டும் அச்சில் கோத்துக்கொள்வார். கண்ணாடி இழைக்கோ முடிச்சு இல்லை. பழைய வகை உள்நோக்கிகளில் ஓர் இழை முறிந்தால் காட்சியில் ஒரு கரும்புள்ளி விழும். புள்ளிகள் பெருகப் பெருக, புண்ணா நிழலா என்று மருத்துவர் ஐயுற நேரும். புதிய கருவிகளில் நுனியிலேயே சிறு கேமரா உள்ளது. எனினும் ஒளியைக் கொண்டு செல்வது இன்றும் பெரும்பாலும் அதே இழைக் கற்றைதான். இறுக்கிச் சுருட்டினாலும், நுனி மேசை விளிம்பில் மோதினாலும் அவை பழுதாகும்.

இயந்திரங்களின் உட்பகுதியைக் காணப் பொறியாளர்கள் பயன்படுத்தும் போரஸ்கோப்பும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. சிக்கினால் இழுக்காதே, நுனியைக் கொண்டு எதையும் நெம்பாதே, மடிக்காதே என்னும் விதிகள் இரண்டுக்கும் பொது. வேறுபாடு ஒன்றே. இயந்திரம் அஞ்சாது, கடிக்காது, கையால் குழாயைப் பற்றி இழுக்காது. மனிதர் இவற்றையெல்லாம் தம்மையறியாமலே செய்வர். பற்கள் பதிந்து குழாயின் மேலுறை கிழிவது உள்நோக்கிகளுக்கு நேரும் சேதங்களுள் நன்கறியப்பட்ட ஒன்று. அதைத் தடுக்கவே பற்களுக்கிடையே வளையம் போன்ற வாய்க்காப்பு பொருத்தப்படுகிறது.

சிறு கிழிசலுக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். கிழிசல் வழியே நீர் உட்புகுந்தால் உள்ளிருக்கும் கம்பிகள் துருப்பிடிக்கும்; மின்பகுதிகள் கெடும். செலவு பல லட்சம் ரூபாய் வரை செல்லக்கூடும். அதனினும் பெரிய கேடு, தூரிகை எட்டாத கீறலில் ஒருவருடைய உடற்கழிவு தங்கி, கிருமிகள் அடுத்தவருக்குச் செல்வது. 2015-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், முன்சிறுகுடலையும் பித்தநாளத்தையும் ஆராயும் சிறப்பு வகை உள்நோக்கிகளின் வழியே மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி பரவி, நோயாளிகள் உயிரிழந்தனர். அக்கருவியின் நுனியில் இருந்த நுண்ணிய அசையும் பகுதி, விதிப்படி கழுவியும் முழுமையாகத் தூய்மையாகாத அமைப்பாக இருந்தது. இத்தகைய நிகழ்வுகள் அரியவை; அவற்றை எண்ணித் தேவையான பரிசோதனையைத் தவிர்ப்பது பெரும் பிழையாகும். ஆயினும் கழுவும் அறையில் அவசரத்துக்கு இடமில்லை என்பதற்கு அவை சான்று.

அங்கு நடப்பது என்ன? பரிசோதனை முடிந்த உடனேயே, ஈரம் காயுமுன் குழாயைத் துடைத்து, சலவைக் கரைசலை உறிஞ்சச் செய்வர். பின்னர் காற்றழுத்தம் கொடுத்து நீரில் அமிழ்த்திக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பர். சைக்கிள் கடையில் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பஞ்சர் பார்க்கும் அதே முறைதான். குமிழி எழுந்தால் கருவி பழுதுபார்க்க அனுப்பப்படும். எழாவிட்டால் ஒவ்வொரு நுண்வழியிலும் தூரிகை செலுத்திக் கழுவி, கிருமிநாசினியில் உரிய நேரம் ஊறவைப்பர். 2 விழுக்காடு குளூட்டரால்டிஹைடாயின் வழக்கமாக 20 நிமிடம். பின்பு தூயநீரில் அலசி, உலர்த்திய பிறகே அடுத்தவருக்கு எடுப்பர். நாள் முடிவில் சுருட்டி வைக்காமல் நேராகத் தொங்கவிடுவர். ஈரம் தங்கினால் கிருமி வளரும். சாயம் பிடிக்கும் நேரத்தைக் குறைத்தால் பட்டின் நிறம் நில்லாது என்பதை அறிந்த ஊர் இது. கிருமி சாகும் நேரத்தையும் அவ்வாறே குறைக்க இயலாது.

இதில் நோயாளிகளும் உடனிருப்போரும் செய்யக்கூடியவை உண்டு. கட்டிய பற்களைக் கழற்றிவிடுக. ஆடும் பல் இருந்தால் முன்னரே கூறுக. மருத்துவர் குறித்த நேரத்திற்குப் பின் எதையும் உண்ணற்க. வயிற்றில் எஞ்சிய உணவு மூச்சுக்குழலுக்குள் செல்லக்கூடும். கருவியின் வழியையும் அடைக்கும். காலையில் வெற்றிலை பாக்கு போடுவதும் கூடாது. பெருங்குடல் பரிசோதனைக்கு வருவோர், சொல்லப்பட்ட நாள்முதல் கொய்யா, தக்காளி போன்ற விதையுள்ளவற்றையும் கீரையையும் தவிர்க்க வேண்டும். ஒரு விதை போதும், உறிஞ்சும் வழியை அடைக்க. இரும்புச்சத்து மாத்திரை, நீரிழிவு மருந்து, இரத்தம் உறையாமைக்கான மருந்து ஆகியவற்றை உட்கொள்வோர் தாமாக நிறுத்தாமல் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். குழாய் உள்ளே செல்லும்போது வாய்க்காப்பை நாவால் தள்ளாமல், எச்சிலை வழியவிட்டு, மூக்கால் நிதானமாக மூச்சு விடுக. துன்பம் மிகுந்தால் குழாயைப் பிடிக்காமல் கையை உயர்த்திக் காட்டலாம் என்பதை வீட்டார் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அச்சம் பாதி குறையும்.

"கட்டணம் செலுத்துகிறோம், கருவியைக் காப்பது மருத்துவமனையின் பொறுப்பன்றோ?" என்று சிலர் கேட்பர். முதற்பொறுப்பு மருத்துவமனையுடையதே; அதில் ஐயமில்லை. அச்சத்தால் கடித்துவிட்ட நோயாளியைக் கடிந்துகொள்வது அறமாகாது. வாய்க்காப்பு சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள் பணியாளர்களே. ஒரு நாளில் எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்யலாம் என்பதைக் கழுவும் நேரத்தைக் கணக்கிட்டே மருத்துவமனைகள் முடிவு செய்ய வேண்டும். கழுவும் பணியாளருக்கு முறையான பயிற்சியும், மருந்து நெடியிலிருந்து காக்கும் கையுறை, முகக்கவசம், காற்றோட்டம் ஆகியவையும் கிடைக்க வேண்டும். எந்தக் கருவி, யாருக்கு, எப்போது கழுவப்பட்டது என்னும் பதிவேடும் இருக்க வேண்டும். "இக்கருவி எப்போது கழுவப்பட்டது?" என்று நோயாளி கேட்டால் முகம் சுளிக்காமல் விடை கூறுவது மருத்துவமனையின் கடமை.

ஆனால் கருவி பழுதானால் துன்புறுவது மருத்துவமனையின் கணக்குப் புத்தகம் மட்டுமன்று. சேவூரிலிருந்தோ தேவிகாபுரத்திலிருந்தோ வருபவருடைய பரிசோதனை தள்ளிப்போகும். அல்லது அவர் வேலூருக்கோ சென்னைக்கோ செல்ல நேரும். நெய்தால்தான் கூலி என்னும் வீட்டில், துணைக்கு ஒருவர் உடன் செல்வதென்றால் இரண்டு பேருடைய நாள் வீணாகும். இரத்த வாந்தியுடன் நள்ளிரவில் வருபவருக்கோ தள்ளிப்போட நேரமே இல்லை. இன்று நம் உடலுக்குள் சென்ற கருவி நாளை முன்பின் அறியாத ஒருவரின் உயிரைக் காக்க வேண்டியது. அதனைச் சேதமின்றித் திருப்பித் தருவது நாம் அவருக்குச் செய்யும் உதவி.

ஆகவே அடுத்த முறை காத்திருக்கும்போது, "ஏன் தாமதம்?" என்பதற்கு மாற்றாக, "கருவி முழு நேரமும் ஊறிற்றா?" என்று கேளுங்கள். அந்த வினா கழுவும் அறையில் நிற்பவரை விரைவுபடுத்தாது. அவருடைய உழைப்பை மதிக்கும். உங்களையும் காக்கும்.