விற்கப் போகும் வீட்டுக்கு வெள்ளை அடிக்க முன்...



புத்தளத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணம் சோனகதெருவில் அவருடைய வாப்பா கட்டிய வீட்டை விற்கப் போகிறார்களாம். மூத்த மகளின் கலியாணச் செலவு அந்தக் காசை நம்பித்தான் இருக்கிறது. கனடாவில் உள்ள ஒருவர் வாங்க விரும்புகிறார். அவருடைய உறவினர் அடுத்த மாதம் வீடு பார்க்க வருகிறார். சுவரில் உப்புப் பூத்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கோடையில் சற்றுக் கரிக்கும். "சுவருக்குச் சீமெந்து பூசிக் கடும் வர்ணம் அடித்து விடுவோம். வருகிறவருக்கு வேறு கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் வைத்துக் கொடுப்போம்" என்கிறாராம் மகன். "வீட்டை எப்படி ஆயத்தம் செய்வது? மகன் சொல்வது சரிதானா?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பின்னும், 2009இல் போர் முடிந்த பின்னும் வீட்டைப் பார்க்கப் போனவர்களில் பலர் கூரை ஓடும் கதவு நிலையும் இல்லாத வெறும் சுவர்களையே கண்டார்கள். சிலர் திருத்திக் குடியேறினார்கள். சிலர் விற்றார்கள். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகள் புத்தளத்திலேயே படித்து அங்கேயே தொழில் தேடிக்கொண்ட பிறகு, வெறும் வீட்டுக்கு எத்தனை வருடம் காவல் இருப்பது?

சரி, வேலைக்கு வருவோம். முதலில் துப்புரவு. காசு குறைவு, பலன் அதிகம். வருகிறவர் கண்ணில் முதலில் படுவது படலையும் முற்றமும். சருகைக் கூட்டி, காய்ந்த ஓலைகளை அகற்றி, மதிலோரப் பற்றையை வெட்டுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு ஒரு வாடை உண்டு. வௌவால் அடைந்த வீடென்றால் சொல்லவே வேண்டாம். ஊதுபத்தி கொளுத்தி அதை மறைக்க முடியாது. ஒரு வாரத்துக்கு முன்பே போய், எல்லா யன்னல்களையும் காலையில் திறந்து மாலையில் மூடுங்கள். தரையைக் கழுவுங்கள். உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். அதை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் செய்து முடியுங்கள். மலசலகூடத்தை இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள். வருகிறவர் பெண்களோடு வந்தால் அவர்கள் குசினிக்கு அடுத்தபடியாகப் பார்க்கப் போவது அதைத்தான்.

மேல்நாடுகளில் விற்கும் வீட்டை அலங்கரித்துக் கொடுப்பதே ஒரு தொழிலாகி விட்டது. வாடகைக்குச் சோபா கொண்டு வந்து போடுவார்கள், பூச்சாடி வைப்பார்கள். வீடு பார்க்க ஆள் வரும் நேரத்தில் அடுப்பில் ரொட்டி வேக வைத்து மணம் பரப்பச் சொல்லும் ஆலோசனையும் உண்டு. நமக்கு அதெல்லாம் தேவையில்லை. வெறுமையான நல்ல விறாந்தை ஒன்று தன்னாலேயே அழகுதான்.

இனி அந்தச் சுவர். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் சுண்ணாம்புக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். அதன் மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் போகும். உப்பு மறுபடி கிளம்பும். அடுத்த மழைக்குள் பூச்சு பொருக்குப் பொருக்காகக் கழரும். மகனின் யோசனையில் காசும் வீண், பெயரும் கெடும். பொரிந்த இடத்தைச் சுரண்டி, உப்பைத் தூரிகையால் தட்டி, காய விட்டு, சுண்ணாம்பே அடியுங்கள். கேட்டால், "இந்தச் சுவரில் உப்புப் பூக்கும்" என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

பெருமானார் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட வரலாறு உங்களுக்குத் தெரியும். மழையில் நனைந்து விட்டது என்று விற்றவர் சொன்னார். அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டார்கள். கவனியுங்கள்: நனைந்ததை விற்காதே என்று அங்கே சொல்லப்படவில்லை. மேலே வை என்பதுதான் பேச்சு. ஆகவே உப்புச் சுவருள்ள வீட்டையும் தாராளமாக விற்கலாம்.

போரில் காயப்பட்ட வீடுகளுக்கும் இதையே சொல்வேன். சன்னம் துளைத்த ஓட்டைகளை அடைப்பதில் தவறில்லை. அவை எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஷெல் விழுந்து விட்டமோ சுவரோ வெடித்திருந்தால், அதைப் பூசி மறைத்து விட்டு, பிற்பாடு அந்த அறையில் யாரோ ஒருவரின் குழந்தை உறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

கிணற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடு வாங்க வருபவர் அறைகளை எண்ண முன் கிணற்றடிக்குப் போவார். ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு அது. பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உவர் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நன்னீரைத்தான் கிணறு தருகிறது. வீடு காட்ட முதல் நாள் மோட்டாரைப் போட்டு அடி தெரிய இறைத்தீர்களானால், கீழிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். கிணற்றைத் துப்புரவாக்கப் போய்த் தண்ணீரைக் கெடுத்த கதையாகி விடும். இறைப்பதானால் பல நாட்களுக்கு முன், கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து, விழுந்த இலை குப்பைகளை எடுத்து, ஊற விடுங்கள். குளோரின் போடுவதையும் அப்போதே முடித்து விடுங்கள்.

வாய்க்குத் தெரியாத குறையும் உண்டு. குடாநாட்டின் பல கிணறுகளில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று கூடியிருக்கிறது. அதற்குச் சுவையும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். அந்த அறிக்கையை மேசையில் வையுங்கள். எண் நன்றாக இருந்தால் உங்கள் வீட்டுக்கு அதை விடப் பெரிய அலங்காரம் இல்லை. நன்றாக இல்லையென்றால் விலையில் கொஞ்சம் குறையும். ஆனால் குடத்துத் தண்ணீரைக் காட்டி விற்ற காசில் மகளுக்கு நகை வாங்குவதா? தாய் நீங்கள், மகனிடம் நீங்களே கேளுங்கள்.

காகிதங்களையும் வீட்டின் ஒரு பகுதியாகவே நினையுங்கள். இலங்கைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறாது. 1990இல் உறுதியை விட்டு வந்தவர்கள் காணிப் பதிவகத்தில் சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். வாப்பாவின் பெயரில் உள்ள காணியில் உம்மாவுக்கும் பெண் மக்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் எல்லாரும் கையொப்பம் இட வேண்டும். அதற்கு முன், "நீங்களே வாங்கிக் கொள்கிறீர்களா?" என்று பங்காளிகளிடம் கேட்பது மார்க்கம் காட்டிய முறை. தம்பிக்குத் தெரியாமல் கனடாக்காரருக்கு வீடு காட்டிப் பிறகு மனம் முறிந்த குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். உறுதியில் எத்தனை பரப்பு, நில அளவைப் படத்தில் எத்தனை என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பரப்பு பத்துப் பேர்ச்.

வீட்டில் வேறு குடும்பம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். பத்து வருட ஆட்சியைக் காட்டி உரிமை கோருவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. போரால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது. அதன் கீழ் வழக்கிட இரண்டே வருடம்தான் கொடுத்தார்கள். அது முடிந்து விட்டது. ஆகவே சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். அங்கே இருப்பவர்களும் பெரும்பாலும் எங்கிருந்தோ பெயர்ந்து வந்தவர்களே. வீடு காட்டும் நாளில் மட்டும் அவர்களை வெளியே போகச் சொல்வது முறையல்ல.

கடிதத்தின் கடைசி வரியில் சகோதரி ஒன்று கேட்டிருந்தார். வீட்டில் எல்லாம் போய், உம்மா அரைத்த அம்மி மட்டும் பின்வாசலில் கிடக்கிறதாம். பாரம் என்று யாரும் தூக்கவில்லை போலும். வாங்குகிறவரிடம் கேட்டு எடுத்துக் கொள்ளலாமா என்கிறார். வீடு பார்க்க ஆள் வருமுன்னரே எடுத்து விடுங்கள், சகோதரி. வந்தவர் கண்டது எதுவோ, அதைச் சாவியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். புத்தளம் வரும் ஏதாவது ஒரு லொறியில் இடம் கேட்டால் கிடைக்கும். குழவியையும் மறந்து விடாமல் தேடிப் பாருங்கள்.