கன்னக் கட்டியும் சங்கத்தின் கடமையும்

நம் சங்கத்து அங்கத்தினர்களில் நெசவாளரும் உளர். கொடிக்கால் வைத்துப் பயிரிடுவோரும் உளர். முன்னவர் தறிக்குழியில் நாள் முழுதும் அமர்ந்து உழைக்கும்போது அலுப்புத் தெரியாமலிருக்க வெற்றிலை பாக்குப் போடுகின்றனர். பின்னவர் அந்த வெற்றிலையை விளைவிக்கின்றனர். ஆகவே, வாயைப் பற்றிய இச்செய்தி இரு சாராருக்கும் உரியது.

கன்னத்தின் உட்புறத்தில் நோவுடன் கட்டி தோன்றினால் சிலர் அஞ்சி உறக்கத்தை இழக்கின்றனர். பலர் கிராம்பையோ சுண்ணாம்பையோ தடவிவிட்டு மாதக்கணக்கில் வாளாவிருக்கின்றனர். இரண்டும் தவறு என்பதே நமது கருத்து.

கட்டிகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. உண்ணும்போது கன்னத்தைக் கடித்துக்கொண்டால் அவ்விடம் வீங்கும். உமிழ்நீரின் நுண்குழல் நசுங்கினால் நீர் தேங்கி மெல்லிய கொப்புளம் எழும். கூரான பல்லோ பொருந்தாத பல்செட்டோ ஓயாது உராய்ந்தால் தசை தடித்துவிடும். சிறு வாய்ப்புண் கடுமையாக நோகும். ஆயினும் பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் தானே ஆறிவிடும். இவற்றுக்கு வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளித்துக் காரத்தை விலக்கியிருந்தால் நோவு தணியும். ஊசியால் குத்துவதும், சுண்ணாம்பு தடவுவதும், தலைவலி மாத்திரையைக் கன்னத்தில் அதக்குவதும் புண்ணை மிகுவிப்பனவேயன்றி ஆற்றுவன அல்ல.

வைத்தியரிடம் காட்ட வேண்டியவையும் உள. மேல்தாடையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, காதடிச் சுரப்பியின் குழல் கன்னத்துள் திறக்கிறது. அதில் கல் அடைத்துக்கொண்டால் உண்ணும் வேளையில் கன்னம் புடைத்து வலிக்கும். பின்னர் மெல்ல வற்றும். சொத்தைப் பல்லின் வேரில் சீழ் பிடித்தாலும் கன்னம் வீங்கும். வீக்கத்துடன் காய்ச்சல் காணுதல், வீக்கம் கண்ணையோ கழுத்தையோ நோக்கிப் பரவுதல், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாமை ஆகியவை தோன்றின், மறுநாள் வரை பொறுத்தல் ஆகாது. அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இது. நம்மவர் வலியையே அளவுகோலாகக் கொள்கின்றனர். வலிக்கும் கட்டிக்கு வைத்தியரைத் தேடுவோரும் வலியாத கட்டியைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வாய்ப்புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. எனவே நாளே அளவுகோலாதல் வேண்டும். வலித்தாலும் வலியாவிட்டாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும் கரையாத கட்டியையும் காட்டியே தீர வேண்டும். வெண்மையாகவோ சிவப்பாகவோ படர்ந்த திட்டு, காரணமின்றி இரத்தம் கசிதல், மரத்துப்போதல், பல் ஆடுதல், கழுத்தில் கட்டி ஆகியவையும் அவ்வாறே. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாயில் நுழைத்துப் பாருங்கள். முன்பு நுழைந்தவை இப்போது நுழையவில்லையெனில், பாக்கினால் கன்னத் தசை இறுகத் தொடங்கியிருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கு மனிதருக்குப் புற்று விளைவிப்பது என்று 2004-இல் வெளியிட்ட நூலில் அறிவித்தது. புகையிலை சேராத தாம்பூலமும் அதே வகையில் வைக்கப்பட்டது. புகையிலையைப் பற்றிச் சொல்லவே வேண்டா. கொடிக்கால் அங்கத்தினர்கள் இதைப் படித்து மனம் வருந்தலாகாது. அங்குக் குற்றம் சுமத்தப்பட்டவை பாக்கும் புகையிலையும், இலை அன்று.

"எங்கள் பாட்டனார் எண்பது வயது வரை போட்டார்" என்பர் சிலர். தப்பியவர் நம் கண்முன் இருக்கின்றனர். தப்பாதவர் வந்து சாட்சி சொல்வதில்லை. "கத்தி பட்டால் பரவிவிடும்" என்பர் வேறு சிலர். சிறு துணுக்கெடுத்துச் சோதிப்பதால் புற்று பரவும் என்பது வெறும் அச்சமே. சோதனையை ஒத்திப்போடுவதுதான் நோய்க்கு இடங்கொடுக்கிறது. தொடக்கத்தில் சிறு அறுவையோடு முடியக்கூடியது, பிந்தினால் தாடையையே எடுக்கும் நிலைக்கு வந்துவிடும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்று மரணம், அவ்வாறு பார்க்கப்படாத பகுதிகளைவிட 34 சதவீதம் குறைந்திருந்தது. பெரும் இயந்திரம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை.

ஆயின் நம் அங்கத்தினர் ஏன் காட்டுவதில்லை? அறியாமை மட்டும் காரணமன்று. ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று; பாவு பெறும் முறையும் தவறிவிடுமோ என்ற கவலை வேறு. இவ்விடத்தில்தான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. நிர்வாகக் குழுவினர் மூன்று தீர்மானங்களை ஆலோசிக்க வேண்டுகிறோம். முதலாவது, மகாசபைத் தாம்பாளத்தில் பாக்கும் புகையிலையும் வைத்தலாகாது. வெற்றிலையும் பழமும் கற்கண்டும் மரியாதைக்குப் போதும். இரண்டாவது, ஆண்டுக்கு இருமுறை, நூல் வழங்கும் நாளில், ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து அனைவரின் வாயையும் பார்க்கச் செய்தல் வேண்டும். மூன்றாவது, ஆஸ்பத்திரிக்குச் செல்பவரின் பாவு முறையைக் காத்து, வேண்டின் முன்பணமும் தருதல் வேண்டும்.

சிகிச்சைக்கு வழியில்லை என எவரும் சோர வேண்டா. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசினர் மருத்துவமனை உண்டு. தகுதியுடையோருக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் உண்டு.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் நாடாவை நிறுத்தி முடிபோட்ட பின்னரே மேலே நெய்கின்றனர். நெய்து முடித்தபின் பார்ப்போம் என்று விடுவதில்லை. துணிக்குக் காட்டும் அந்த விழிப்பைத் தம் உடலுக்கும் காட்டுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.