வீட்டு ஷெட்டுக்குக் கம்ப்ரஸரா? எச்.பி.யைப் பார்க்கும் முன் லைனைப் பாருங்கள்

கம்ப்ரஸர் என்றவுடன் பைல்களைச் சுருக்கும் ஸிப் புரோகிராம் பற்றி எழுதப் போகிறேன் என எண்ண வேண்டாம். காற்றை அழுத்தி டேங்கில் அடைத்து வைக்கும் ஏர் கம்ப்ரஸர் பற்றித்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் இதழில் இதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “கடையில் காற்று அடித்துத்தான் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறார்கள். கார் ஷெட்டில் சின்னதாக ஒரு கம்ப்ரஸர் வைத்துக் கொண்டால் டயருக்கும் ஆச்சு, கம்ப்யூட்டருக்கும் ஆச்சு. எத்தனை எச்.பி. வாங்கலாம்?”

ஆசை நியாயமானதுதான். ஆனால் எச்.பி. பற்றிய கேள்வி கடைசியாகக் கேட்க வேண்டிய ஒன்று. வீட்டு மின் இணைப்பைப் பார்க்காமல் வாங்கிய கம்ப்ரஸர், சுத்தம் செய்ய வேண்டிய கம்ப்யூட்டரையே கெடுத்து விடும் என்பதுதான் என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

தூசிக்குக் குறைவில்லாத ஊர்கள்

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் கடலாக இருந்த பகுதி அரியலூர். அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இங்கு சிமெண்ட் ஆலைகள் வந்தன. அரசின் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஆலை 1979இல் தொடங்கியது. அதன் பின்னர் தனியார் ஆலைகளும் வந்தன. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையோர வீடுகளில் தூசிக்குப் பஞ்சமில்லை. பெரம்பலூர் பக்கம் கல் குவாரிகள் உண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஊர்களில் அறுவடைக் காலத்தில் பஞ்சும் சோளத் தூசியும் காற்றில் பறக்கும். இவை அனைத்தும் கம்ப்யூட்டரின் விசிறி வழியாக உள்ளே சென்று, பிராசசரின் மேலே உள்ள ஹீட் சிங்க்கில் அடைத்துக் கொள்கின்றன. வெப்பம் வெளியேற வழியின்றி கம்ப்யூட்டர் வேகம் குறைகிறது. சில வேளைகளில் தானாகவே நின்றும் போகிறது. எனவே காற்று அடித்துச் சுத்தம் செய்வது தேவையான வேலைதான்.

உங்களுக்குக் கம்ப்ரஸர் தேவையா?

கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்ய மட்டும் என்றால் தேவையில்லை. 500 அல்லது 600 வாட் அளவிலான ஒரு கை ப்ளோயர் போதும். இதில் டேங்க் இல்லை. ஆகவே டேங்க் தண்ணீரும் எண்ணெயும் வரும் பேச்சே இல்லை. கார் டயருக்கு மட்டும் என்றால், காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் சிறிய பம்ப் போதும். வீட்டு மின்சாரமே வேண்டாம்.

இந்த இரண்டோடு பைக் சர்வீஸ், ஏர் பில்டர் சுத்தம், சின்னச் சின்ன பெயிண்ட் வேலை ஆகியவையும் இருந்தால் மட்டுமே கம்ப்ரஸர் பற்றி யோசிக்கலாம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நம் பகுதியில் போர் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கம்ப்ரஸர் மோட்டார் பயன்படுத்துவது பலரும் அறிந்தது. “கிணற்றில் கழற்றியது சும்மா கிடக்கிறது, ஷெட்டில் வைத்துக் கொள்ளலாமா?” எனக் கேட்பவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் மூன்று பேஸ் மோட்டார்கள். வீட்டில் இருப்பது சிங்கிள் பேஸ் என்றால் அவை அப்படியே ஓடாது. பழைய டேங்க்கின் உட்புறம் எவ்வளவு துரு ஏறியிருக்கிறது என்பதும் வெளியில் இருந்து தெரியாது. துருப்பிடித்த டேங்க் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பேன்.

எதைப் பார்த்து வாங்குவது?

கம்ப்யூட்டர் வாங்குகையில் மெகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்று சொல்வோம் அல்லவா? கம்ப்ரஸரில் எச்.பி.யும் அப்படித்தான். மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

1. ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி காற்றைத் தருகிறது? இதைச் சி.எப்.எம். என்பார்கள். இதிலும் இரண்டு கணக்கு உண்டு. பிஸ்டன் இழுக்கும் காற்று ஒன்று. உண்மையில் டேங்குக்குப் போய்ச் சேரும் காற்று இன்னொன்று. இரண்டாவதை எப்.ஏ.டி. என்று குறிப்பிடுவார்கள். இது முதல் எண்ணைக் காட்டிலும் கணிசமாகக் குறைவாக இருக்கும். கடைக்காரர் முதல் எண்ணைச் சொல்வார். நீங்கள் இரண்டாவதைக் கேளுங்கள்.

2. டேங்க் எத்தனை லிட்டர்? 50 லிட்டர் டேங்க் 8 பாரில் இருந்து 4 பாருக்கு இறங்கும் போது சுமார் 200 லிட்டர் காற்று வெளியே வரும். இது ஏறத்தாழ 7 கன அடி. நிமிடத்திற்கு 4 கன அடி தின்னும் கருவியை மாட்டினால் இரண்டு நிமிடம் கூடத் தாங்காது. அதற்குப் பிறகு மோட்டார்தான் ஓடி ஓடிக் கொடுக்க வேண்டும். டயருக்கும் தூசிக்கும் இந்த டேங்க் தாராளம். காருக்கு முழுப் பெயிண்ட் அடிக்க வீட்டுக் கம்ப்ரஸர் போதாது. அந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

3. சர்வீசும் உதிரிப் பாகமும் எங்கே கிடைக்கும்? கம்ப்ரஸர் தொழிலில் கோயம்புத்தூர் பெயர் பெற்ற ஊர். எல்ஜி எக்யூப்மெண்ட்ஸ் நிறுவனம் 1960இல் அங்குதான் தொடங்கியது. இது மானிட்டர் செய்யும் கொரிய நிறுவனம் அல்ல. பெயர் காதுக்கு ஒன்றாக ஒலிப்பதால் சொல்கிறேன். எந்த நிறுவனத்தின் கம்ப்ரஸராக இருந்தாலும், வால்வும் பெல்ட்டும் உங்கள் ஊரிலோ திருச்சியிலோ கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வீட்டு ஷெட்டுக்கு என் பரிந்துரை: 1 எச்.பி., சிங்கிள் பேஸ், 50 லிட்டருக்குள் டேங்க். அதற்கு மேல் போகாதீர்கள். காரணம் அடுத்து வருகிறது.

மின்சாரம்: கதையின் மையம் இதுதான்

1 எச்.பி. என்பது 746 வாட். இது மோட்டார் வெளியே தரும் சக்தி. அதைத் தர லைனில் இருந்து சுமார் 1000 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் 5 அல்லது 6 ஆம்பியர். இவ்வளவுதானே என்று எண்ண வேண்டாம். மோட்டார் கிளம்பும் அந்தச் சில நொடிகளில் இதைப் போல ஐந்தாறு மடங்கு, அதாவது ஏறத்தாழ 30 ஆம்பியர் இழுக்கும்.

அரியலூர் பக்கம் ஒரு வீட்டில், மாலை நேரத்தில் கம்ப்யூட்டர் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது என்று என்னை அழைத்தார்கள். வைரஸ் என்று சொல்லி ஒருவர் விண்டோஸை மாற்றிப் போட்டிருந்தார். இன்னொருவர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றியிருந்தார். நான் போய் உட்கார்ந்து கவனித்தேன். பின்னால் ஷெட்டில் கம்ப்ரஸர் கிளம்பும் போதெல்லாம் டியூப் லைட் மங்கியது. கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. கம்ப்யூட்டரும் ஷெட்டும் ஒரே மெல்லிய வயரில் இருந்தன. யு.பி.எஸ். பேட்டரியோ இப்படித் தினமும் அடி வாங்கி எப்போதோ செத்திருந்தது. ஷெட்டுக்குத் தனி லைன் இழுத்துப் புதிய பேட்டரியும் போட்ட பின்னர் அந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் மேல் பழி போட்டதுதான் மிச்சம்.

கணக்கைப் பாருங்கள். மெயின் போர்டில் இருந்து ஷெட் 30 மீட்டர் தூரம் என்று வைத்துக் கொள்வோம். 1.5 சதுர மி.மீ. தாமிர வயரில் 30 ஆம்பியர் போகும் போது சுமார் 22 வோல்ட் வயரிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. வயர் என்றால் சுமார் 8 வோல்ட்தான். கிராமத்து லைனில் மாலையில் 190 வோல்ட் வருகிறது என்றால், மெல்லிய வயரின் முனையில் மோட்டாருக்குக் கிடைப்பது 168 வோல்ட். மோட்டாரின் இழுவிசை வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 168 வோல்ட்டில் அது பாதியளவுக்குக் குறைந்துவிடும். மோட்டார் சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று முனகும். அப்படியே விட்டால் காயில் கருகும்.

ஆகவே செய்ய வேண்டியவை:

1. மெயின் போர்டில் இருந்து ஷெட்டுக்குத் தனி லைன். 4 சதுர மி.மீ. தாமிர வயர், 16 ஆம்பியர் சாக்கெட், மோட்டாருக்கு ஏற்ற ‘சி’ வகை எம்.சி.பி. இதனால் கம்ப்யூட்டரில் ஏற்படும் வோல்ட்டேஜ் சரிவு பெருமளவு குறையும்.

2. சரியான எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும். ஈரத் தரையில் நின்று வேலை செய்யும் இடம் ஷெட். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

3. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. தூரம் எட்டவில்லை என்றால் மின் வயரை நீட்டாதீர்கள். காற்று ஹோஸை நீட்டுங்கள்.

4. கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் கம்ப்ரஸரை எக்காரணம் கொண்டும் செருகக் கூடாது. வீடுகளில் உள்ள 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது சுமார் 360 வாட்தான். ப்ளோயரைக் கூட அதில் செருகக் கூடாது. 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் வைத்தார்கள். விளக்குக்கும் விசிறிக்கும் வைத்த அந்த இன்வெர்ட்டரும் கம்ப்ரஸரைக் கிளப்பாது.

5. வாங்கும் போதே ஓட்டிப் பாருங்கள். டேங்க் நிறைந்து மோட்டார் நிற்கும் போது ‘உஸ்’ என்று சிறிது காற்று வெளியேற வேண்டும். பிஸ்டன் மேல் உள்ள அழுத்தத்தை இறக்கி, அடுத்த முறை மோட்டார் எளிதாகக் கிளம்ப வழி செய்யும் ஏற்பாடு அது. அந்தச் சத்தம் வராத மெஷினை வாங்காதீர்கள்.

இன்னொன்று. வீட்டு இணைப்பு வீட்டு உபயோகத்திற்கு மட்டுமே. ஷெட்டில் காசு வாங்கிக் கொண்டு காற்று அடித்தாலோ பஞ்சர் ஒட்டினாலோ அது தொழில். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவில் இதற்கு அபராதக் கட்டணம் உண்டு. விவசாய மோட்டாருக்கான இணைப்பில் இருந்து ஷெட்டுக்கு வயர் இழுப்பதும் இதே ரகம்தான்.

கம்ப்யூட்டருக்குக் காற்று அடிக்கையில்

கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் டேங்க்கின் அடியில் தண்ணீரே நிற்கும். சிமெண்ட் கலந்த தூசியின் மேல் ஈரக் காற்றை அடித்தால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். ஈரத்தைப் பிரிக்கும் பில்டரும் ரெகுலேட்டரும் கட்டாயம் பொருத்துங்கள். அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, முதல் காற்றை வெளியில் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு சாண் தூரத்தில் இருந்து அடியுங்கள். பவர் கார்டைக் கழற்றிவிட்டு, கேபினட்டை வெளியே தூக்கிச் சென்று செய்வது நல்லது. விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக் கொள்ளுங்கள். காற்றில் வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் தேயும். எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்க வேண்டாம். விளையாட்டுக்காகக் கூட யார் மேலும் காற்றை அடிக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றி, டேங்க்கைக் காலி செய்து வையுங்கள்.

கம்ப்ரஸருக்கு என்று ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை எலக்ட்ரீஷியனுக்கும் நல்ல வயருக்கும் கொடுங்கள். மீதியில் சிறிய மெஷின்தான் கிடைக்கும் என்றால், சிறியதே போதும். பெரிய கம்ப்ரஸரை மெல்லிய வயரில் ஓட்டும் வீட்டைக் காட்டிலும், தடித்த வயரில் ஒரு ப்ளோயரை ஓட்டும் வீட்டில்தான் கம்ப்யூட்டர் நீண்ட நாள் உழைக்கும்.