'செட்' என்றால் என்ன அர்த்தம், அம்மா?

இங்கிலீஷில் நீளமான வார்த்தைகள்தான் கஷ்டம் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். பார்க்கப்போனால் அவை பரம சாது. 'ரெஃப்ரிஜிரேட்டர்' என்ற வார்த்தை எந்த வாக்கியத்தில் வந்தாலும் ரெஃப்ரிஜிரேட்டர்தான். ஆளைத் திண்டாட வைப்பவை பொடி வார்த்தைகள். அவற்றில் பலே கைகாரி இந்த 'செட்'.

இவள் நம் வீட்டுக்குள் வந்து எத்தனையோ வருஷமாகிறது. தாத்தாவுக்குப் பல் செட், வயலுக்குப் பம்பு செட், கல்யாணத்துக்கு நகை செட், ஓட்டலில் செட் தோசை. "கண்ட பசங்களோட செட்டு சேர்ந்துட்டான்" என்று பிள்ளையைத் திட்டும்போதும் இவள்தான். இங்கெல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பொருள்கள் அல்லது கூட்டம் என்று அர்த்தம்.

குழந்தையின் பாடப் புத்தகத்தைப் பிரித்தால் இவளுடைய மற்ற வேஷங்கள் தெரியும். சூரியன் 'செட்' ஆனால் மறைகிறது. ஜெல்லி 'செட்' ஆனால் இறுகுகிறது. அலாரத்தை 'செட்' செய்தால் வைக்கிறோம். மேஜையை 'செட்' செய்தால் தட்டும் டம்ளரும் எடுத்து வைக்கிறோம். வாத்தியார் பேப்பர் 'செட்' செய்தால் கேள்வித்தாள் தயாராகிறது. 'செட் அவுட்' என்றால் கிளம்புவது. 'செட் இன்' என்றால் மழையோ நோயோ வந்து உட்கார்ந்துகொள்வது.

"அம்மா, ஏதாவது ஒரு அர்த்தம் சொல்லேன், எழுதிக்கறேன்" என்று குழந்தை நோட்டும் கையுமாக நின்றால் என்ன செய்வது? பயப்படாதீர்கள். படித்த மேதைகளே இவளிடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1989-ல் ஆக்ஸ்போர்டு பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பு 20 தொகுதிகளாக வெளிவந்தபோது, அதில் மிக நீளமாக இடம் பிடித்தது 'செட்' என்ற வினைச்சொல்தான். சுமார் 430 அர்த்தங்கள், விளக்கம் சுமார் 60,000 வார்த்தை! பிறகு அகராதியைத் திருத்தி எழுதும் வேலையில், 2011-ல், 645 அர்த்தங்களோடு 'ரன்' இவளை முந்திவிட்டது. அதுவும் ஒரு பொடி வார்த்தைதான்.

இத்தனை அர்த்தம் எப்படி வந்தது? இங்கே இருப்பது இரண்டு குடும்பத்துப் பெண்கள். ஒருத்தி பழைய இங்கிலீஷ்க்காரி. உட்காருவதைச் சொல்லும் 'ஸிட்' என்ற வார்த்தைக்கு நெருங்கிய உறவு. 'உட்கார வை' என்பதுதான் இவளுடைய பிறந்த வீட்டு அர்த்தம். சூரியன் கீழே போய் உட்காருகிறது, ஜெல்லி ஆடாமல் உட்காருகிறது, அலாரத்தின் முள்ளை ஓரிடத்தில் உட்கார வைக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள், சரியாக வரும். இன்னொருத்தி லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவள். அவளுக்குக் கூட்டம் என்று அர்த்தம். உச்சரிப்பு ஒன்றாகிவிட்டதால் இருவரையும் ஒருத்தி என்றே நினைக்கிறோம். குழந்தைக்கு 'உட்கார வை', 'கூட்டம்' என்ற இந்த இரண்டையும் சொல்லிக் கொடுத்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இது பரீட்சைக்கு மட்டும் வேண்டிய விஷயம் என்று எண்ண வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பையன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, "போன் செட் பண்ணியாச்சு" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மறுநாளே அவன் பாட்டி, "அதான் எலும்பு செட் ஆயிடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரே, கழுத்துல எதுக்கு இந்தத் துணி?" என்று கையைத் தொங்கவிட்ட துணியைக் கழற்றப் போனார். நல்லவேளை, பையனின் அம்மா தடுத்துவிட்டாள்.

டாக்டர் சொன்ன 'செட்' வேறு, பாட்டி கேட்ட 'செட்' வேறு. விலகிய எலும்பை அதன் இடத்தில் உட்கார வைத்தாகிவிட்டது என்றார் டாக்டர். எலும்பு கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார் பாட்டி. எலும்பு கூடச் சில வாரங்கள் ஆகும். போதாததற்கு மாவுக்கட்டும் 'செட்' ஆகும். கொஞ்ச நேரத்திலேயே தொட்டால் கெட்டியாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே முழுக்கக் காய்ந்து உறுதிப்பட இரண்டு மூன்று நாள் ஆகலாம். அதுவரை அதன்மேல் பாரம் கூடாது, தண்ணீர் எப்போதுமே படக்கூடாது. விரல் வீங்கினாலோ, நீலம் பாய்ந்தாலோ, மரத்துப் போனாலோ, வலி தாங்க முடியாமல் அதிகமானாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

டாக்டர் இப்படி ஒரு வார்த்தை சொன்னால், "செட்னா கூடிடுச்சா, இல்ல சேர்த்து வச்சிருக்கீங்களா? எத்தனை வாரம் ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள். இதில் வெட்கம் என்ன வேண்டியிருக்கிறது?

நம் தமிழ் மட்டும் என்ன? புடவை கட்டுகிறோம், வீடு கட்டுகிறோம், ஸ்கூல் பீஸ் கட்டுகிறோம், புண்ணுக்குக் கட்டு கட்டுகிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் கட்டிக்கொள்கிறது. இத்தனை 'கட்டு'களையும் நாம் மனப்பாடமா செய்தோம்? பக்கத்தில் நிற்கும் வார்த்தையைப் பார்த்து அர்த்தம் பிடித்துக்கொண்டோம். இங்கிலீஷுக்கும் அதே வழிதான். 'எது செட் ஆகிறது?' என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். சூரியனா, ஜெல்லியா, எலும்பா என்று தெரிந்தால் அர்த்தம் தானே வரும்.

தினமும் சாயங்காலம் ஒரே ஒரு வாக்கியம், வீட்டில் நடப்பதை வைத்தே, குழந்தையோடு சேர்ந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். நேற்றைக்குச் சொன்னாலும் 'செட்', இன்றைக்குச் சொன்னாலும் 'செட்'. கடந்த காலத்துக்கென்று வார்த்தை மாறாது என்பதையும் அப்படியே சொல்லிவிடலாம். நாம் பத்தாவது வரைதான் படித்தோமே என்ற தயக்கம் வேண்டாம். ஒரு மாதத்தில் முப்பது வாக்கியம் சேர்ந்துவிடும். அதுவும் ஒரு நல்ல செட்தானே!